வாச்சாத்தியைத் தாண்டிப் போகும் உளவியல் வகுப்பு

"ஹெடிங் போட்டுக்கோங்க. கீழ்ப்படிதல். அடியில கோடு. ஸ்டான்லி மில்கிராம், யேல் பல்கலைக்கழகம், அமெரிக்கா..."

உளவியல் வகுப்பு நடக்கும் கல்லூரி ஒன்றின் ஜன்னலோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தக் குரல் கேட்டுவிடும். ஆசிரியர் படிப்பார், மாணவர்கள் எழுதுவார்கள். "ஸ்பெல்லிங் சொல்லுங்க மேம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரும். போர்டில் பெயரை எழுதிப் போடுவார். மணி அடிக்கும். மறுநாள் ஆஷ், அதற்கு மறுநாள் ஸிம்பார்டோ. செமஸ்டர் முடிவதற்குள் முப்பது நாற்பது வெள்ளைக்காரப் பெயர்கள் நோட்டில் ஏறியிருக்கும். பரீட்சை முடிந்த மறுவாரமே மண்டையை விட்டு இறங்கியும் விடும்.

இதே வகுப்பு தர்மபுரி மாவட்டத்தில் நடக்கும்போதுதான் விஷயம் கொஞ்சம் உறுத்துகிறது.

மில்கிராம் செய்தது என்ன? 1961-ல் விளம்பரம் கொடுத்து, நாலரை டாலர் கூலி பேசி, சாதாரண ஆட்களை வரவழைத்தார். ஒரு கருவியின் முன் உட்காரவைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதிர்ச்சி நிஜமில்லை, அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டுவதும் ஏற்பாடுதான். ஆனால் சுவிட்சைப் போடுகிறவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனார்கள். 1963-ல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தையே அதிரவைத்தது. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் சாதாரண மனிதன் எதுவரை போவான் என்ற கேள்விக்கு உளவியல் சொன்ன முதல் பெரிய பதில் அது.

இப்போது அரூர் பக்கம் வாருங்கள். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு பழங்குடி கிராமம். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. ஊர் சனங்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்புச் சொன்னது தர்மபுரி நீதிமன்றம். மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து அந்தத் தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023-ல், அதே செப்டம்பர் 29-ல்.

269 பேர்! யேலில் 40 பேரை வைத்துச் செய்தது பாடம். மாவட்டத்திலேயே 269 பேர் மேல் குற்றச்சாட்டு எழுந்து, 215 பேர் மேல் நீதிமன்றத்தில் நிரூபணமாகி, உயர் நீதிமன்ற நீதிபதியே நேரில் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போன ஒன்று பாடத்தில் இல்லை. ஒரு வரி கூட இல்லை. அரூரிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி 'நியூ ஹேவன்' என்ற ஊரின் ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.

உள்ளூர்ப் பெருமைக்காக வெள்ளைக்காரப் பெயரை அழித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மில்கிராம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் மில்கிராமை வாச்சாத்தியின் பக்கத்தில் நிறுத்தினால்தான் மில்கிராமே புரியும். எவ்வளவு பொருந்துகிறது, எந்த இடத்தில் பொருந்தாமல் இடிக்கிறது என்று தெரியும். ஒரு கோட்பாடு எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதற்குப் பெயர்தான் அறிவியல். அதைச் செய்யாத வகுப்பில் உளவியல் வெறும் பொது அறிவு வினா விடை.

ஒரு ஆசிரியர் இதை எப்படி நடத்தலாம்? இரண்டு பீரியட் போதும். முதல் பீரியடில் சோதனையைச் சொல்லிவிட்டு அதன் வேறு வடிவங்களைச் சொல்ல வேண்டும். நோட்ஸில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பகுதிதான். மில்கிராம் ஒரே ஒரு சோதனை செய்யவில்லை, பலவிதமாக மாற்றி மாற்றிச் செய்தார். உத்தரவு போடுகிறவர் அறையை விட்டு வெளியே போய் டெலிபோனில் உத்தரவு போட்டபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் "இனிமேல் முடியாது" என்று எழுந்துபோனபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். 26 எங்கே, 4 எங்கே! உத்தரவு என்பது ஆளைப் பிடித்தாட்டும் மந்திரமில்லை. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்து அதன் பலம் ஏறும், இறங்கும்.

இரண்டாவது பீரியடில் வாச்சாத்தி தீர்ப்பிலிருந்து சில பக்கங்களை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். இங்கே உத்தரவு எது? சோதனை போடும் உத்தரவு இருந்திருக்கலாம். வன்கொடுமை செய் என்று யார் உத்தரவு போடுவார்? மில்கிராமின் ஆட்கள் வேர்த்து விறுவிறுத்து, உதட்டைக் கடித்து, "நிறுத்திடலாமே" என்று கெஞ்சிக்கொண்டே சுவிட்ச் போட்டார்கள். இங்கே அப்படியா? மில்கிராமின் ஆட்களுக்கு அடுத்த அறைக்காரர் மேல் எந்த வெறுப்பும் கிடையாது. இங்கே போனவர்கள் மனதில் 'இவர்கள் எல்லாம் கடத்தல்காரர்கள்' என்ற முத்திரை முன்பே குத்தப்பட்டிருந்தது. பழங்குடி என்ற இளக்காரம் வேறு. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ரைச்சரும் அலெக்ஸ் ஹாஸ்லமும் சொல்வது இங்கே கைகொடுக்கும். மனிதர்கள் உத்தரவுக்குப் பயந்து மட்டும் கொடுமை செய்வதில்லை, தாங்கள் ஒரு நல்ல காரியத்துக்காக இதைச் செய்கிறோம் என்று நம்பும்போதுதான் மும்முரமாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இவ்வளவும் பேசி முடித்த மாணவிக்கு மில்கிராம் சாகும்வரை மறக்காது. மனப்பாடமே தேவையில்லை.

"அதெல்லாம் சரி, சிலபஸ்ல இல்லையே?" என்று கேட்பார்கள். சிலபஸில் 'கீழ்ப்படிதல்' என்று ஒரு வார்த்தைதான் இருக்கிறது. யேல் என்றும் இல்லை, வாச்சாத்தி என்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை எதைக் கொண்டு நிரப்புவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. கைடு புத்தகம் நிரப்பிக்கொடுத்தால் வேலை மிச்சம், அவ்வளவுதான் விஷயம்.

மிச்சமாகும் வேலைக்கு விலை உண்டு. அந்த விலையைக் காட்டத் தர்மபுரியிலேயே இன்னொரு சம்பவம் இருக்கிறது.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. அ.தி.மு.க.வினர் மறியல். இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். 2007-ல் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆனால் 2016 மார்ச்சில் சீராய்வு மனுவில் அதே உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்ததல்ல, கூட்டத்தின் வெறியில் நிதானம் இழந்து செய்தது என்பது. 2018 நவம்பரில் மூவரும் விடுதலையாகிவிட்டார்கள்.

தூக்கு சரியா தவறா என்பது வேறு விவாதம். தூக்கே கூடாது என்பவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு சரியாகவே படும். இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் காரணத்தை. கூட்டத்துக்குள் போன மனிதன் தன் புத்தியை இழந்துவிடுகிறான் என்பது யார் சொன்னது? 1895-ல் குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. பிறகு 1969-ல் ஸிம்பார்டோ அதைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தார். உளவியல் நோட்ஸ்களில் இன்றைக்கும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டம் என்றால் லெ பான், அடியில் கோடு.

ஆனால் 1998-ல் டாம் போஸ்ட்மெஸ், ரஸல் ஸ்பியர்ஸ் என்ற இருவர் இதைப் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்தார்கள். கூட்டத்தில் மனிதன் புத்தி கெட்டுப்போகிறான் என்பதற்கு ஆதாரம் மிகப் பலவீனமாக இருந்தது. கூட்டத்துக்குள் போகிறவன் எல்லா விதியையும் மறப்பதில்லை. அந்தக் கூட்டத்தின் விதியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறான் என்பதுதான் தெரியவந்தது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! புத்தி கெட்டவன் என்றால் பரிதாபம். தன் கூட்டம் எதைச் சரி என்கிறதோ அதைச் செய்தவன் என்றால், அதைச் சரி என்று அவனுக்குச் சொன்னது யார், தலைவர்களா, கட்சியா, அத்தனை வருட மேடைப் பேச்சா என்று கேள்வி நீளும். தீ எரிந்த அதே இடத்தில் கண்ணாடியை உடைத்து மாணவிகளைக் காப்பாற்றப் போராடியவர்களும் இருந்தார்கள். ஒரே சாலை, ஒரே வெயில், ஒரே பரபரப்பு. அவர்களுக்கு மட்டும் எப்படிப் புத்தி இருந்தது? லெ பானிடம் இதற்குப் பதில் கிடையாது.

இன்றைக்கு நோட்ஸ் எழுதுகிற மாணவர் நாளைக்கு வக்கீலாவார், போலீஸ் ஆவார், நிருபர் ஆவார், பி.எட். முடித்து வாத்தியாராவார். 1895-ன் சரக்கை எடுத்துக்கொண்டு போய் எதற்கெல்லாம் பயன்படுத்துவாரோ. முதலாமாண்டு சேருகிறவர்கள் பலர் அந்த பஸ் எரிந்தபோது பிறக்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லித்தராவிட்டால் தெரியப்போவதில்லை.

நோட்ஸில் பழசு என்பது இது ஒன்று மட்டுமில்லை. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தரும் உதவவில்லை என்று ஒரு கதை உண்டு. பல பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அந்த 38 பேர் கதைக்கு ஆதாரமில்லை என்று 2007-லேயே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். 2015-ல் வெளிவந்த ஒரு பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பழைய முடிவு மறுபடி கிடைத்தது. உளவியல் தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும் காலம் இது. வகுப்பில் அந்தத் தூசியைப் பத்திரமாக நோட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்துக்கு வருவோம். "வாச்சாத்தி, பஸ் எரிப்பு, நத்தம் காலனி... இதையெல்லாம் வகுப்பில் எடுத்தால் சாதிச் சண்டை வரும், கட்சிச் சண்டை வரும். யார் பதில் சொல்வது?" இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க முடியாது. நியாயமான பயம். 2012 நவம்பர் 7-ல் ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. வீடு எரிந்த குடும்பத்துப் பிள்ளையும், எரித்ததாக வழக்கில் சிக்கிய குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வாய்ப்பிருக்கும் மாவட்டம் இது. வன்கொடுமைக்கு ஆளானவரின் பேத்தியும் வகுப்பில் இருக்கலாம். அவள் முன்னால் நின்று அதை 'சுவாரசியமான கேஸ்' போலப் பேசிவிட்டுப் போவது அடுத்த கொடுமை.

அதனால்தான் இதற்குக் கொஞ்சம் கைப்பக்குவம் வேண்டும். முதல் மாதத்திலேயே இதை எடுக்கக் கூடாது. வகுப்புக்கும் ஆசிரியருக்கும் பழக்கம் ஏற்பட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். எடுக்கப்போவதை முந்தின வாரமே சொல்லிவிட வேண்டும். வர விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் லைப்ரரிக்குப் போகலாம், அட்டெண்டன்ஸ் உண்டு. "உங்க ஊர்தானே, நீ சொல்லு" என்று எந்த மாணவரையும் எழுப்பிவிடக் கூடாது. இது மிக முக்கியம். பாதிக்கப்பட்டவர் பாடப்பொருள் ஆகக் கூடாது. பேச்சுக்கு அடிப்படை தீர்ப்பும் ஆவணமும்தான், 'எங்க மாமா சொன்னார்' இல்லை. பேசத் தயங்குகிறவர்கள் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். ஆசிரியர் படித்துவிட்டு, வாசிக்கத்தக்கதை மட்டும் வாசிக்கலாம்.

இன்னொன்று. 1968-ல் அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற டீச்சர் நீலக்கண் பிள்ளைகள், பழுப்புக்கண் பிள்ளைகள் என்று வகுப்பைப் பிரித்து, ஒரு பிரிவை மட்டம்தட்டி, பாரபட்சம் எப்படி வலிக்கும் என்று காட்டினார். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதுபோல ஒன்றை நடத்தினால் என்ன என்று சிலருக்கு ஆசை வரலாம். தயவுசெய்து வேண்டாம். தினமும் அந்த வலியோடு வகுப்புக்கு வருகிறவனுக்கு ஒத்திகை எதற்கு?

நத்தம் காலனி விஷயத்தில் கோட்பாடு என்ன சொல்லித்தரும்? கார்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்னது, இரண்டு குழுக்கள் பழகினால் வெறுப்பு குறையும் என்று. நோட்ஸில் இந்த ஒரு வரி இருக்கும். தர்மபுரிக்காரன் உடனே கேட்பான்: "இங்கே தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து ஊரில்தானே இருக்கிறார்கள், ஒரே காட்டில் வேலை செய்கிறார்கள், ஒரே பஸ்ஸில் போகிறார்கள், ஏன் குறையவில்லை?" அருமையான கேள்வி! ஆல்போர்ட்டை முழுசாகப் படித்தால் பதில் இருக்கிறது. வெறுமனே பழகினால் போதாது, சம அந்தஸ்தில் பழக வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும் என்று நாலு நிபந்தனை போட்டிருக்கிறார். நோட்ஸ் நிபந்தனைகளை வெட்டிவிட்டது. ஊர் நிலவரம்தான் அந்த வெட்டுப்பட்ட பகுதியைத் தேடவைக்கிறது.

எல்லாப் பாடத்தையும் ரத்தமும் தீயுமாக நடத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாதாரண நாளின் பாடத்துக்கும் ஊரில் பஞ்சமில்லை. பாவ்லோவின் நாய் தெரியாதவர் கிடையாது. மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய். அதைத் தமிழில் 'ஆக்கநிலையிறுத்தல்' என்று பி.எட். புத்தகம் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு எந்தப் பாட்டிக்கும் எதுவும் ஊறாது. ஆனால் பால் மாடு இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பாவ்லோவ் சொன்னது முன்பே தெரியும். கன்று முட்டினால் பால் சுரக்கும். அது இயற்கை. தினமும் கன்று விடும் நேரத்தில் பால் சொம்பின் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நாளில் சொம்புச் சத்தத்துக்கே மடி இறங்கும். கறக்கும் ஆள் மாறினால் மாடு அடக்கிக்கொள்வதும் பலர் பார்த்ததுதான். சொம்பை மட்டும் காட்டிக் காட்டிக் கறக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டால், படிப்பில் பின்தங்கியவன் என்று முத்திரை குத்தப்பட்ட பையன் எழுந்து பதில் சொல்வான். அவன் சொல்வதற்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று ஆசிரியர் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

ஆராய்ச்சி முறைகள் என்ற தாள் இருக்கிறதே, எல்லோரும் பயப்படும் தாள், அதற்கும் உள்ளூரில் சரக்கு உண்டு. தர்மபுரியின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊர்ப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு குறைகிறதா என்று பல நாடுகளில் ஆய்வு நடந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குறைவோடு தொடர்பு இருப்பதாக 2024-ல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் ஓரளவு உறுதியோடு சொன்னது. அதைப் படித்துவிட்டு மாணவர்களிடம் கேட்கலாம்: போர் தண்ணீரையே நம்பியிருக்கும் ஊருக்கும் ஆற்றுத் தண்ணீர் வரும் ஊருக்கும் தண்ணீர் மட்டும்தான் வித்தியாசமா? பள்ளிக்கூடம்? சாப்பாடு? அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடுகள்? தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது ஒரு மணி நேரத்தில் மண்டையில் ஏறிவிடும்.

நடத்தும் முறைக்கு வருவோம். இதில்தான் பெரிய வேடிக்கை இருக்கிறது. மனித ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்துகிறவர்களே அந்தப் பாடத்துக்கு நேர் எதிராக நடத்துகிறார்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நாலு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40. இந்த ஆய்வையே டிக்டேட் செய்து, "நல்லா அஞ்சு தடவை படிச்சிட்டு வாங்க" என்று முடிக்கும் வகுப்பை என்ன சொல்வது?

மாற்றுவதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். வகுப்பு ஆரம்பிக்கும்போது ஐந்து நிமிடம். நோட்டை மூடச் சொல்லி, போன வாரம் நடந்ததில் மூன்று கேள்வி. மார்க் கிடையாது. எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டியது. அவ்வளவே. கூடவே ஒரு கேள்வி எப்போதும் இப்படி இருக்கட்டும்: "இதை உங்க வீட்டுல பாட்டிக்குத் தமிழ்ல சொல்லுங்க, புத்தகத் தமிழ் வேண்டாம்." இங்கிலீஷில் மனப்பாடம் செய்தவர்களும் புத்தகத் தமிழில் மனப்பாடம் செய்தவர்களும் இந்த இடத்தில் ஒரே மாதிரி மாட்டிக்கொள்வார்கள். மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. வகுப்பில் பலர் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களிடம் இருக்கும் சொத்து அந்தப் பாட்டியோடு பேசும் தமிழ்தான். அதை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு வரச் சொன்னால் எதைக்கொண்டு யோசிப்பார்கள்?

மனநோய்ப் பாடம் நடத்தும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வின் அறிகுறிகளை வரிசையாகச் சொல்லச் சொல்ல, வகுப்பில் பாதிப் பேர் தங்களுக்கு அது இருப்பதாக நினைப்பார்கள். அதில் ஒருவருக்கு நிஜமாகவே இருக்கும். அவர் மணி அடித்த பிறகு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். உளவியல் ஆசிரியர் கவுன்சலர் அல்ல. ஸ்டாஃப் ரூமில் வைத்து வைத்தியம் பார்க்க ஆரம்பிப்பதும், "எல்லாம் மனசுதாம்மா, தைரியமா இரு" என்று அனுப்பிவிடுவதும் இரண்டுமே தப்பு. உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வழிகாட்டுவதுதான் வேலை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அந்தப் பாடத்தின் முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டுவிடலாம். சாமியாடும் அத்தையைப் பற்றி ஒரு மாணவன் சொன்னால் வகுப்பு சிரிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியர் பொறுப்பு.

இன்னும் ஒரு விஷயம், இப்போதுதான் நடந்தது. உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-ல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடை. வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே தபாலில் எம்.எஸ்சி. உளவியல் படித்த வழி அடைபட்டுவிட்டது. தர்மபுரி மாதிரி மாவட்டத்துக்கு அது பெரிய அடி. நேரில் நடத்தினால்தான் தரம் என்பது தடைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். நேரில் என்றால் என்ன அர்த்தம்? நேரில் உட்காரவைத்து டிக்டேட் செய்வதென்றால் அந்த நோட்ஸைத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாமே, பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்!

பி.எட்., நர்சிங், சமூகப்பணி என்று உளவியலை ஒரு தாளாக மட்டும் படிப்பவர்களுக்கு நேரம் இன்னும் குறைவு, தெரியும். கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, அதில் "மில்கிராமின் சோதனையை விவரி" என்றுதான் இருக்கும், அதுவும் தெரியும். ஆனால் இன்டர்னல் மார்க் ஆசிரியர் பேனாவில் இருக்கிறது. வழக்கமாக அது நோட்டுக்கும் வருகைப் பதிவுக்கும் 'நல்ல பிள்ளை' என்பதற்கும் போகிறது. அதில் பத்து மார்க்கை எடுத்து இப்படி ஒரு கேள்விக்குப் போட்டுப் பார்க்கலாம்:

"இரண்டு பேர் மறுத்து எழுந்தவுடன் மில்கிராமின் 40 பேரில் 36 பேர் நிறுத்திவிட்டார்கள். வாச்சாத்திக்குள் நுழைந்த அன்று அந்த ஆலமரத்தடியில் இரண்டு சீருடைக்காரர்கள் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? என்ன நடந்திருக்காது? உங்கள் பதிலுக்கு ஆதாரம் எது, ஊகம் எது என்று பிரித்து எழுதவும். புத்தகம் பார்த்து எழுதலாம்."